ஜவாஹிர் நடக்காத மூன்று திசைகள்

என் நானாவின், அதாவது அண்ணனின், மனைவி அஸீமா யாருடைய முகத்தையும் முதலில் பார்க்கமாட்டாள். காலைத்தான் பார்ப்பாள். கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரம், அவளைப் பார்க்கச் சொந்தக்காரப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து போனார்கள். எல்லோரும் போன பிறகு, "அந்தப் பச்சச் சாரி உடுத்த மாமிக்கு வலது முட்டில வருத்தம் ஈக்குது போல" என்றாள். வந்தவர்களின் பெயர் ஒன்றுகூட அவளுக்கு நினைவில்லை. எனக்கு அன்றே அவளைப் பிடிக்காமல் போனது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் நல்லவள் வேஷம் போட்டுக்கொண்டு இதை எழுத முடியாது.

எங்கள் வீடு அக்குறணையில், மாத்தளை றோட்டிலிருந்து மேலே ஏறும் ஒழுங்கையில் இருக்கிறது. கீழே உம்மாவும், அஸீமாவுக்கு மச்சி முறையான நானும். என் கணவர் கத்தாரில். மேல்தட்டின் பாதியில் இரண்டு அறை கட்டி நானா ஜவாஹிரும் அஸீமாவும் இருந்தார்கள். மற்றப் பாதி வெறும் கொங்கிரீட் தட்டு. உடுப்புக் காயப்போடும் இடம். அதற்கு நேர் கீழே உம்மாவின் அறை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். ஆனால் மஹய்யாவவில் அஸீமாவின் வாப்பா வீடு இரண்டே அறை, அதில் ஏழு பேர். அதனால் பெண் இங்கே வந்தாள்.

அவளுடைய வாப்பா கண்டி டவுனில் தையல்காரர். காற்சட்டை தைத்தால், ஆளை நாலடி நடக்கச் சொல்லி, துணி காலில் எப்படி விழுகிறது என்று பார்த்த பிறகுதான் அடியை மடிப்பாராம். பள்ளிக்கூடம் விட்டு வந்த அஸீமா தரையில் உட்கார்ந்து ஊசிகளை எடுத்துக் கொடுப்பாள். தரையிலிருந்து பார்த்தால் மனிதர்களுக்குக் கால் மட்டும்தான் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். பிறகு கணனியில் படம் வரையப் படித்து, ஓர் அச்சகத்தில் கல்யாணக் கார்ட் வடிவமைக்கும் வேலைக்குப் போனாள். அங்கே கார்ட் அடிக்க வந்த கூட்டத்தில் என் நானாவின் நடையைத்தான் அவள் முதலில் பார்த்திருக்க வேண்டும். முகத்தைப் பிறகு பார்த்திருப்பாள்.

நானாவுக்குப் பிறவியிலேயே இடது கால் ஓர் அங்குலத்துக்கு மேல் கட்டை. சின்ன வயதில் இடது கையால் முட்டியை அழுத்திக்கொண்டுதான் நடப்பார். அவருக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாகப் போவோம். அவருடைய வலது கைதான் சும்மா இருக்கும் என்பதால் அந்தக் கையை நான் பிடித்துக்கொள்வேன். பத்து வருஷம் அவருடைய வலது பக்கமாகவே நடந்தேன். பெரியவரான பிறகு இடது சப்பாத்துக்கு மட்டும் அடி உயர்த்திச் செய்வித்தார். அப்போதும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்துதான் நிமிரும். டவுனில் அவருக்கு ஹார்ட்வெயார் கடை இருந்தது. அவர் வருவதைக் கடைக்காரர்கள் சத்தத்தை வைத்தே சொல்வார்கள். வலது சப்பாத்து மெல்லப் படும், இடது சப்பாத்து கொட்டும்.

கிரிக்கெட் விளையாட முடியாத பையனுக்கு ஒரு கணனி விளையாட்டுப் பிடித்துப்போனது. அந்தக் காலத்தில் தொலைபேசி எடுக்கும் கடை ஒன்றில் இரண்டு கணனி வைத்திருந்தார்கள், அங்கே பழகியது. மேலேயிருந்து ஊரைப் பார்க்கிற மாதிரி ஒரு விளையாட்டு. சின்னச் சின்ன மனிதர்கள் மரம் வெட்டி, வயல் செய்து, கோட்டை கட்டி, பக்கத்து ஊரோடு போர் தொடுப்பார்கள். எந்த ஆளை எப்போது எங்கே அனுப்புவது என்பதில்தான் கெட்டித்தனம். நாற்பது வயதிலும் கடை மூடி வந்து அரை மணி நேரம் விளையாடுவார். கல்யாணமான புதிதில் அதை அஸீமாவுக்குக் காட்டினார். அவள் கோட்டையையும் பார்க்கவில்லை, போரையும் பார்க்கவில்லை. "இவங்கட கால் நிலத்துல படுறல்ல. வழுக்கிட்டுப் போறாங்க" என்றாள்.

நானாவுக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷம் விளையாடியவரின் கண்ணில் படாதது அவளுக்குப் பத்து நிமிஷத்தில் பட்டுவிட்டது.

இப்படிப் பழைய விளையாட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஆட்களையும் வீடுகளையும் மாற்றித் தங்கள் விருப்பத்துக்கு ஆக்குவதை மொட் என்கிறார்கள். கலஹாவைச் சேர்ந்த திலீபன் என்பவரும் வேறு நாலைந்து பேரும் கண்டி அரசர் காலத்து மலைநாட்டை அந்த விளையாட்டுக்குள் கொண்டுவர வேலை செய்துகொண்டிருந்தார்கள். நானா இணையத்தில் அவர்களைக் கண்டுபிடித்து, "ஏன்ட வீட்டுக்காரிக்கு நடை தெரியும்" என்று எழுதினார். அதற்குப் பிறகு அந்த மொட்டில் நடக்கிறவர்கள் எல்லோரும் அஸீமாவின் கையால் நடந்தார்கள். சம்பளம் கிம்பளம் ஒன்றும் கிடையாது.

வேலை எப்படி என்று பிற்பாடு நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஓர் ஆள் ஒரு திசையில் இரண்டடி நடக்கப் பதினைந்து படம் வேண்டும். எட்டுத் திசைக்கும் அப்படி வேண்டும். ஆனால் எட்டையும் வரைய மாட்டார்கள். ஐந்து திசை வரைந்தால் போதும். இடப்பக்கம் போகிறவனைக் கணனியே கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டு வலப்பக்கம் போகிறவன் ஆக்கிவிடும். மிச்ச மூன்று திசையும் அப்படிக் கிடைப்பதுதான். அந்தக் காலத்து விளையாட்டுகள் எல்லாம் இப்படித்தானாம். அஸீமா உண்மையான ஆளை நடக்கவிட்டு வீடியோ எடுப்பாள். அதைப் படம் படமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பார்த்துப் புள்ளி புள்ளியாக வரைவாள். கண்ணும் மூக்கும் வைக்கமாட்டாள். எங்கள் வீட்டில் உயிருள்ளவற்றின் படம் மாட்டுகிற பழக்கம் இல்லை. மார்க்கத்தில் அது பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், எதற்கு வம்பு, முகம் வைக்காமல் விடு என்று நானாதான் சொல்லியிருந்தார். அந்த அளவில் முகம் நாலே நாலு புள்ளிதான். அவள் நாலையும் ஒரே நிறத்தில் விட்டுவிடுவாள்.

கடைசியில் உப்பும் புடவையும் சுமந்து மலையேறும் வியாபாரி ஒருவர் தேவைப்பட்டார். "வியாபாரி எண்டா நம்மட ஆள்தானே, நானே நடக்கிறன்" என்றார் நானா. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் உடுப்புக் காயப்போட மேலே போயிருந்தேன். தட்டில் வெண்கட்டியால் ஐந்து கோடு கிழித்திருந்தாள் அஸீமா. நானா துணி அடைத்த அரிசிச் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோட்டிலும் மூன்று தரம் நடந்தார். முடிந்ததும் கேட்டார்.

"மத்த மூணு பக்கம்?"

"தேவல்ல. அத கம்பியூட்டர் திருப்பிப் போட்டுக்கும்."

"அப்ப ஏன்ட கால்? திருப்பிப் போட்டா மத்தக் கால்லல்லவா சாய்வன்?"

"அத நான் நிமித்திக்குவன். படத்துல நீங்க நேரா நடப்பீங்க."

நானா சாக்கை இறக்கி வைத்தார். பிறகு, "அப்ப நல்லம்" என்றார். அவருக்கு மனம் நோகவில்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அஸீமா போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையில் யாருக்கோ அரை அங்குலக் குழாய் எடுத்துக் கொடுக்கப் போனவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் மௌத்தானார். வயது நாற்பத்தைந்து. பிள்ளைகள் இல்லை. அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டு வந்தார்கள். அஸீமா மேல் அறையில் இத்தா இருக்கத் தொடங்கினாள். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது, அலங்காரம் கூடாது. பெண்கள் வந்து பார்த்துப் போவார்கள். ஓதுவார்கள், அழுவார்கள்.

வந்தவர்கள் கீழே இறங்கி வந்து என்னிடம் சொன்னது வேறு. "கம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறா. கேம் ஒண்டு ஓடுது" என்றார்கள். ஒருத்தி, "பாவம், புத்தி கலங்கிட்டு" என்றாள். இன்னொருத்தி அந்தப் பாவத்தைக்கூடச் சேர்க்கவில்லை. எனக்குத் தலை வெடிக்கிற அளவுக்குக் கோபம். என் நானா மண்ணுக்குள் போய் ஒரு மாதம் ஆகவில்லை, இவள் விளையாடுகிறாள். மேலே போய்க் கேட்டிருக்கலாம். நான் போகவில்லை. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன்.

ஜனவரி நடுவில் எனக்கு ஓர் அழைப்பு வந்தது.

"டீச்சர், நான் கலஹாவிலிருந்து திலீபன் பேசுறேங்க. ஜவாஹிர் அண்ணன் அடக்கத்துக்கு வந்திருந்தேன்."

நான் அவரைப் பேசவிடவில்லை. இத்தாவில் இருக்கிற பெண்ணிடம் விளையாட்டு வேலை கேட்க உங்களுக்கு வெட்கமில்லையா என்று ஆரம்பித்து, வகுப்பில் ஒன்பதாம் ஆண்டுப் பையன்களை ஏசுகிற குரலில் ஏசி முடித்தேன். மனிதர் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாங்க கேட்கலைங்க டீச்சர். வியாபாரிய எப்பவோ முடிச்சுக் கொடுத்துட்டாங்க. போன மாசம் அக்காவே எழுதினாங்க, அந்த நேரான நடைய அழிச்சிடுங்க, நான் திரும்பச் செய்யிறேன்னு. அஞ்சு பக்கம் வந்திருச்சு. மூணு பக்கம் வரலை. மாசக் கடைசியில வெளியிடுறதா எல்லாருக்கும் சொல்லிட்டோம். அதுக்குள்ள வரலைன்னா திருப்பிப் போட்டுக்கலாமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. அப்புறம் இன்னொண்ணு. விழுற படத்த நாங்களே செஞ்சிட்டோம்னு சொல்லுங்க. அத அவங்க திறந்து பார்க்கவே வேணாம்."

விழுகிற படம் என்றால் என்ன என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்த விளையாட்டில் நடக்கிற ஒவ்வோர் ஆளுக்கும் செத்து விழுகிற படமும் இருக்க வேண்டுமாம். அதை அறிந்த பிறகு அந்த மனிதரை ஏசியதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளியில் எங்கள் பள்ளிக்கூடம் பதினொன்றரைக்கு விட்டுவிடும். பன்னிரண்டேகாலுக்கு அக்குறணை டவுனில் கடை எல்லாம் இழுத்து மூடி ஆண்கள் அத்தனை பேரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். ஒழுங்கையில் ஓர் ஆண் குஞ்சுகூட இருக்காது. நான் வீட்டுக்குள் வரும்போது மேலே தட்டில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. ஏறிப் போனேன்.

அஸீமா வெள்ளை உடுப்போடு, முக்காட்டை இறுக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். காலில் நானாவின் சப்பாத்து. தண்ணீர்த் தாங்கியின் மேல் போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அதக் கழட்டு" என்றேன். "மௌத்தானவர்ட சப்பாத்தப் போட்டுக்கிட்டு என்ன கூத்து இது? அத எப்பவோ யாருக்காவது குடுத்திருக்கணும்."

"யாருக்குக் குடுக்கிற மச்சி? ஒரு சப்பாத்து உசரம், மத்தது பதிவு. யாருக்குச் சரிவரும்?"

அவள் கழற்றினாள். உள்ளே பஞ்சு அடைத்திருந்தாள். சின்னக் கால் அவளுக்கு. போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நான் ஏசுவதற்காகவே பின்னால் போனேன். திரையில் பச்சை மலை, நடுவில் ஒரு பாதை. பாதையில் விரல் நகம் அளவு ஆள் ஒருவர் பொதியோடு இடப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். முகம் இல்லை. சாரமும் மேலாடையும் அந்தக் காலத்து உடுப்பு. இடது கால் கொட்டுகிறது, உடம்பு சாய்கிறது, ஓர் இமைப் பொழுது தாமதித்து நிமிர்கிறது.

அது நானா. நானாவின் போனிலும் என் போனிலும் எத்தனையோ படம் இருக்கிறது. எல்லாவற்றிலும் அவர் உட்கார்ந்திருக்கிறார். நின்று படம் எடுக்க அவருக்குப் பிடிக்காது. இங்கே ஒரு நகம் அளவு ஆள், கண் இல்லை, மூக்கு இல்லை, என் நானா கடைக்குப் போகிறார்.

"இப்ப பாருங்க" என்று அஸீமா அவரை வலப்பக்கமாகத் திருப்பினாள். உடனே சாய்வு மற்றக் காலுக்குத் தாவியது. அதுவரை நன்றாக இருந்த வலது கால் கொட்டியது.

"இது அவர் இல்ல" என்றேன்.

"தெரியும். அஞ்சு பக்கம் போனா அவர். மூணு பக்கம் திரும்பினா வேற யாரோ." அவள் குரல் உடைந்தது. "அவர் கேட்டார் மச்சி. மத்த மூணு பக்கமும் நடக்கவா எண்டு கேட்டார். நான்தான் தேவல்ல எண்டன். ஏன்ட கால் எண்டார். நிமித்திக்குவன் எண்டன். ஏழு வருஷம் அந்தக் காலோட வாழ்ந்துட்டு அத நிமித்திறன் எண்டு அவர்ட முகத்துக்கு முன்னால சொல்லிட்டன்."

அவள் அழுதாள். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நானும் நின்றேன்.

கொஞ்சம் தெளிந்த பிறகு விளக்கினாள். வலப்பக்கம் போகும்போது இடது கால் மறுபுறம் மறைந்துவிடும். நமக்குத் தெரிவது வலது கால், வலது கை, வலது தோள். மறைவில் இருக்கிற கட்டைக் காலுக்காக அந்த வலது பக்கம் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் வரைய முடியும். அது அவளுக்குத் தெரியாது. எப்போதும் அவருடைய இடது பக்கமாகவே நடந்திருக்கிறாள். சாய்கிற பக்கம் ஒருவர் இருந்தால் நல்லது என்று. அதனால்தான் நாலு வெள்ளியாக, ஊர் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருக்கிற நேரம் பார்த்துத் தட்டுக்கு வந்து, அந்தச் சப்பாத்தைப் போட்டு நடந்து பார்க்கிறாள். வரவில்லை.

"வராது. விட்டுடு. திருப்பிப் போடச் சொல்லு. யார் பாக்கப் போறது?" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சொன்னது நான்தான்.

அடுத்த வாரம் புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ஒழுங்கையில் ஏறும்போது என் இடது கை பாதி மூடியிருப்பதைக் கண்டேன். கையில் ஒன்றும் இல்லை. எத்தனை வருஷமாக இப்படி நடக்கிறேனோ தெரியாது. நானாவின் வலது கையை நான் பிடித்தது அந்தக் கையால்தான். அவர் சாய்கிறபோது அந்தக் கை இழுபடும். நிமிர்கிறபோது தளரும். கண்ணால் பார்த்ததைவிட அந்த இழுவையில்தான் எனக்கு அவருடைய நடை தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். ஒன்பது வயதில், பெருநாளுக்கு வந்த சொந்தக்காரப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்க நானாவைப் போல நடந்து காட்டினேன். வீட்டு வாசலிலிருந்து கிணறு வரைக்கும். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். உம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்தா. காம்பு முறியும் வரைக்கும் அடித்தா. "இன்னொருக்கா அப்பிடி நடந்தா காலை முறிச்சிப் போடுவன்" என்றா. நானா மட்டும் குறுக்கே வந்து, "உடுங்க உம்மா, அவ சரியாத்தான் நடக்கிறா" என்று சொன்னார். அதற்குப் பிறகு நான் அப்படி நடக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் மேலே போனேன். "சப்பாத்தத் தா" என்றேன். அஸீமா என்னைப் பார்த்தாள். இந்த முறையும் முகத்தை அல்ல, காலைத்தான். எங்கள் குடும்பத்துக் கால் பெரிது. பஞ்சை எடுத்துவிட்டுப் போட்டேன், சரியாகப் பொருந்தியது. அவள் புதிதாக மூன்று கோடு கிழித்தாள். நான் நானாவின் சாரம் ஒன்றை உடுப்புக்கு மேல் கட்டிக்கொண்டு, சாக்கைத் தோளில் வைத்தேன். நாற்பத்து மூன்று வயது, கணித டீச்சர், பகுதித் தலைவி. யாராவது பார்த்திருந்தால் நானும் புத்தி கலங்கியவள்தான்.

முதல் தரம் வரவில்லை. முப்பத்து நாலு வருஷம் கால் அடங்கிக் கிடந்திருக்கிறது. இரண்டாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு, கையில் அந்த இழுவையை நினைத்தேன். வந்தது. இடது கால் படுவதற்கு முன் வலது தோள் கொஞ்சம் முன்னுக்கு வரும். வலது முட்டி முழுதாக நிமிராது. மற்றக் காலுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் மடிந்தே நிற்கும். நல்ல கால் என்று எல்லோரும் சொன்ன அந்தக் கால்தான் ஆயுள் முழுக்க அதிக வேலை செய்திருக்கிறது. அது அன்றுதான் எனக்கே விளங்கியது.

அஸீமா போனை இரண்டு கையாலும் பிடித்தாள். "அந்தத் தோள்" என்றாள் ஒருமுறை. "அத நான் கண்டதே இல்ல." மூன்று கோட்டிலும் மும்மூன்று தரம் நடந்தேன். கண்ணீர் தானாக ஓடியது. அதைத் துடைக்க நின்றால் நடை கெட்டுவிடும் என்று ஓடவிட்டேன்.

ஒன்பது நாளில் நாற்பத்தைந்து படம் வரைந்தாள். மாதக் கடைசிக்கு ஒரு நாள் முன்னால் அனுப்பினாள். மொட் வெளிவந்தது. எங்கெங்கேயோ இருக்கிறவர்கள் எடுத்து விளையாடினார்கள். இரண்டாம் வாரம் யாரோ ஒருவர், வியாபாரியின் நடையில் ஒரு பிழை இருக்கிறது, நொண்டுகிறான், எப்போது திருத்துவீர்கள் என்று எழுதியிருந்தார். திலீபன் அதை அஸீமாவுக்கு அனுப்பி, என்ன பதில் போடட்டும் என்று கேட்டார். "பிழை இல்லை. திருத்தமாட்டோம்" என்று எழுதச் சொன்னாள். மார்ச் முதல் வாரம் இத்தா முடிந்தது. இப்போது மறுபடி அச்சகத்துக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். எங்களோடுதான் இருக்கிறாள். அவளை எனக்குப் பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ள இன்னும் கூச்சமாக இருக்கிறது, இங்கே எழுதிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். நடந்து முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தொழுகையை முடிக்கும் ஸலாம் கேட்டது. ஆண்கள் வெளியே வரப் போகிறார்கள். அஸீமா அறைக்குள் ஓடினாள். நான் சாரத்தை அவிழ்த்து எறிந்துவிட்டு, சப்பாத்தைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே படியிறங்கினேன். நடை இன்னும் காலைவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு படியிலும் இடது சப்பாத்து கொட்டியது.

உம்மா தன் அறையில் லுஹர் தொழுதுவிட்டுத் தொழுகைப் பாயிலேயே உட்கார்ந்திருந்தா. தஸ்பீஹ் மணி விரலில் நின்றுபோயிருந்தது. முகம் மேலே, கூரைத் தட்டைப் பார்த்தபடி இருந்தது. கதவடியில் என்னைக் கண்டதும் பார்வை மெல்ல இறங்கி என் காலில் வந்து நின்றது. எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது. இரண்டடி பின்னால் வைத்தேன்.

"போன வெள்ளியும் சத்தம் கேட்டிச்சி" என்றா உம்மா. "யாரோ உடுப்புக் காயப்போடுறா எண்டு நெனச்சன்."

உம்மா மறுபடி மேலே பார்த்தா.

"இண்டக்கி அப்பிடி இல்ல."

"அஸீமாட வேல ஒண்டுக்கு உம்மா" என்றேன். "வேணுமெண்டு செய்யல்ல. முடிஞ்சிட்டு. இப்பவே கழட்டுறன்."

குனிந்து நாடாவில் கை வைத்தேன். உம்மா பாயிலிருந்து கை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தா.

"கழட்டாத. இன்னொருக்கா மேல போய் நட."